நாலு நாள் ரயிலிலேயே போச்சு

அரையாண்டுத் தேர்வு முடிகிற டிசம்பர் கடைசி வாரம். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் டெல்லிச் சுற்றுலா என்று யாராவது ஓர் ஆசிரியர் பேச்செடுத்தால் போதும், பெற்றோர் கூட்டத்தில் ஒரு கணக்கு உடனே வந்து விழும். "போக ரெண்டு நாள், வர ரெண்டு நாள். இருக்கிற லீவே எட்டு, ஒம்பது நாள்தான். நாலு நாள் ரயிலிலேயே போச்சுன்னா பிள்ளைக என்னத்தப் பாக்கும் சார்?" சாருக்கும் பதில் இருக்காது. ஏனென்றால் அவரும் அதே கணக்கைத்தான் மனசுக்குள் போட்டு வைத்திருப்பார்.

இந்தக் கணக்கு மூன்று விதமாக முடிகிறது. வசதியுள்ள பள்ளி மதுரையில் விமானம் ஏற்றிவிடுகிறது. அடுத்த நிலையில் உள்ளது ராத்திரியோடு ராத்திரியாகச் சுற்றுலாப் பேருந்தில் பிள்ளைகளை அடைத்து, விடியும்போது கொடைக்கானலிலோ ஊட்டியிலோ இறக்குகிறது. மிச்சமுள்ளது "எதுக்கு வம்பு, ஸ்பெஷல் கிளாஸ் வச்சிருவோம்" என்று கதவைச் சாத்திக்கொள்கிறது. மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கை: சுற்றுலா என்றால் போய்ச் சேருகிற இடம், நடுவில் ரயிலில் கழிவதெல்லாம் இடைஞ்சல். கிட்டத்தட்ட எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட இந்த நம்பிக்கை தவறானது. சிவகாசி வட்டாரத்தில் அது சொந்த ஊர்க் கதையை மறந்த தவறும்கூட.

ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்கலாம். 15ஆம் நூற்றாண்டில் தென்காசிப் பக்கம் ஆண்ட அரிகேசரி பராக்கிரம பாண்டியன் காசிக்குப் போய் லிங்கம் எடுத்து வந்தான் என்கிறது தலபுராணம். திரும்பும் வழியில் ஒரு வில்வ வனத்தில் தங்கினான். லிங்கத்தைச் சுமந்து வந்த பசு அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க மறுத்தது. லிங்கத்தை அங்கேயே நிறுவினார்கள். அந்த இடம் சிவகாசி ஆயிற்று. புராணத்தை வரலாறாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஊரார் தலைமுறை தலைமுறையாகத் தங்களைப் பற்றிச் சொல்லிவரும் கதை இது. அதன்படி அவர்கள் குடியிருப்பது ஒரு பயணத்தின் நடுவழியில். போய்ச் சேர வேண்டிய இடமாக இருந்தது தென்காசி.

புராணம் வேண்டாம், கணக்குதான் வேண்டும் என்பவர்களுக்கு 1923 இருக்கிறது. மழை பொய்த்தால் பிழைப்பும் பொய்க்கும் கரிசல் பூமியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள். அப்போது சிவகாசிக்கு ரயிலே கிடையாது. விருதுநகர் - தென்காசிப் பாதை திறந்தது 1927இல்தான். கல்கத்தாவில் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியவர்கள் 1923இல் சிவகாசியில் ஆலை வைத்தார்கள். பிற்பாடு தனித்தனியே தொழில் நடத்தியபோது ஒருவருக்கு அணில் மார்க், மற்றவருக்குக் காக்கா மார்க். முத்திரையே பட்டப்பெயராகி, அணில் அய்ய நாடார், காக்கா சண்முக நாடார் என்று நிலைத்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று அச்சகம் வந்தது. அச்சகம் வந்ததால் காலண்டர் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றபோது, மருந்தோடு ஏற்கெனவே பழகியிருந்த கைகள் பட்டாசுக்குத் திரும்பின.

"கத்துக்கிட்டது கல்கத்தாவுலதான, ரயில்லயா கத்துக்கிட்டாக?" என்று ஒருவர் குறுக்கே கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் குச்சியில் மருந்து முக்கக் கற்பது தொழிலில் பாதிதான். முக்கியெடுத்த குச்சியை யாரிடம் விற்பது என்பது மறுபாதி. அணிலும் காக்காவும் ஏன் வந்தன? தமிழ் தெரியாதவன், எழுத்தே தெரியாதவன், கடை வாசலில் நின்று படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்க முடியும் என்பதால்தான் அந்த முத்திரைகள் அத்தனை தூரம் ஓடின. நாலு மொழி தாண்டிப் போய் வந்தவனுக்கு இது யாரும் சொல்லித் தர வேண்டிய பாடமே இல்லை. இன்றைக்கும் ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தைச் சிவகாசி அச்சகங்கள் வெளியிட்டதும், அதைத் தோளில் தொங்கவிட்டு ஏஜெண்டுகள் ஊர் ஊராகக் கிளம்புகிறார்கள். எந்த ஊரில் எந்தச் சாமி படம் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்குப் புவியியல் ஆசிரியர்களுக்குத் தெரியுமா என்பது சந்தேகம்.

இனி அந்த 'வீண்' நாளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

கன்னியாகுமரியிலிருந்து டெல்லி நிஜாமுதீனுக்கு வாரம் இருமுறை ஓடும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் விருதுநகர் வழியாகத்தான் போகிறது. மொத்தத் தூரம் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். முதல் இரவு தமிழ்நாட்டுக்குள்ளேயே கழிந்துவிடும். சென்னையைத் தாண்டிய பகலில், சூட்கேசுக்கு நடுவே காலை மடக்கி உட்கார்ந்து, வீட்டில் கட்டிக்கொடுத்த புளியோதரையைப் பிரிக்கும் நேரத்தில், கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் ஆரம்பாக்கம் என்ற சின்ன நிலையம் வரும். ரயில் நிற்காது. மஞ்சள் பலகையில் தமிழ், இந்தி, ஆங்கிலம். அடுத்த நிலையம் தடா. அங்கே தமிழ் இருந்த இடத்தில் தெலுங்கு. கண் இமைத்தால் தவறிப்போகும். வேலியும் இல்லை, வாசலும் இல்லை. ஒரு பலகையில் எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவே.

அந்த எழுத்து மாறியதற்குக் கொடுத்த விலையை அடுத்து வரும் ஊரிலேயே சொல்லலாம். நெல்லூர் மாவட்டம் இன்று பொட்டி ஸ்ரீராமுலுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தெலுங்கர்களுக்குத் தனி மாநிலம் கேட்டு 58 நாள் உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பர் 15 அன்று சென்னையில் உயிர்விட்டவர் அவர். இதே இடத்தில் விருதுநகர்ப் பிள்ளைக்கு ஒரு கேள்வி போடலாம்: "உங்க ஊர்லயும் ஒருத்தர் இப்படி இருந்தாரே, யாரு?" விருதுநகர் தேசபந்து மைதானத்தில், சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்ட வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளோடு 1956 ஜூலை 27 அன்று உண்ணாவிரதம் தொடங்கி, எழுபது நாளுக்கு மேல் தாக்குப்பிடித்து, அக்டோபர் 13 அன்று இறந்தவர் சங்கரலிங்கனார். மைதானத்துப் பக்கம் தினமும் சைக்கிளில் போய்வரும் பையனுக்கு அந்தப் பெயர் பாடப் புத்தகத்தின் ஒரு மதிப்பெண் கேள்வி. ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் நடுவே அந்த ஒரு மதிப்பெண் தண்டவாளத்தில் கிடக்கிறது. முப்பதாயிரம் அடி உயரத்தில் பறப்பவனுக்கு இது எங்கே தெரியப்போகிறது?

விஜயவாடாவுக்கு முன்னால் கிருஷ்ணா பாலம். வைப்பாற்றையும் அர்ஜுனா நதியையும் பெரும்பாலும் மணலாகவே பார்த்து வளர்ந்த கண்கள், பாலம் முடிய முடியத் தண்ணீர் முடியாமல் கிடப்பதைப் பார்க்கும். நிலையத்தில் வண்டி நின்றதும் டீ. அந்த டீக்கடைக்காரர் அடுப்பு பற்றவைக்கும் பெட்டியைக் கேட்டு வாங்கித் திருப்பிப் பார்க்கச் சொல்லலாம். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று ஏதாவது ஒரு பெயர் பொடி எழுத்தில் இருக்கக்கூடும். பதினாலு வருடம் ஒரு ரூபாய்க்கு விற்று, 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயான பெட்டி. அதைப் பார்க்கும் பையனின் அம்மாவோ பாட்டியோ தீப்பெட்டி ஆபீசில், அதாவது ஆலையில், வேலை பார்த்தவராக இருந்தால், வெகுதூரம் தள்ளியிருக்கும் டெல்லியைவிட அந்தப் பெட்டிதான் அவன் மனசில் நிற்கும்.

இரண்டாம் இரவில் விதர்பா கடந்துபோகும். 1942இல் கைதான காமராசரை அடைத்து வைத்த அமராவதி அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. பிள்ளைகள் தூங்கட்டும். மறுநாள் காலை போபாலுக்கும் சாஞ்சிக்கும் நடுவே கடகரேகையைத் தாண்டும்போது எழுப்பினால் போதும். ஆறாம் வகுப்பிலிருந்து உலகப்படத்தில் கோடு போட்டுக் காட்டிய ரேகை. வெளியே தெரிவது கறுப்பு மண். "நம்ம ஊரு கரிசல் மாதிரில்ல இருக்கு" என்று ஒரு குரல் வரும். ஆனால் பயிர் வேறு. கம்பும் பருத்தியும் மக்காச்சோளமும் நிற்க வேண்டிய மண்ணில் பச்சையாகக் கோதுமையும் கொண்டைக்கடலையும். தினமும் சப்பாத்தி தின்றாலும் கோதுமைச் செடியைப் பார்த்தே இராத பிள்ளைகள் இவர்கள். ஒரே நிறத்து மண், வேறு மழை, வேறு குளிர், வேறு சோறு. இதைக் கரும்பலகையில் விளக்க ஒரு பீரியடு போதாது. ஜன்னலில் பத்து நிமிடம் போதும்.

அடுத்த வாதம் பணம். விமானம் வேகம், ஆனால் செலவு, பேருந்து மலிவு, ரயில் இரண்டும் கெட்டான் என்று ஒரு பேச்சு உண்டு. கல்விச் சுற்றுலா போகும் மாணவர்களுக்கு ரயில்வே இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் பாதிக் கட்டணச் சலுகை தருகிறது. கிராமப்புற அரசுப் பள்ளி மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை இரண்டாம் வகுப்பில் சுற்றுலா போனால் 75 விழுக்காடு தள்ளுபடி. 2020இல் கொரோனாவை ஒட்டிப் பல சலுகைகளை ரயில்வே நிறுத்தியது. முதியோர் சலுகைகூடப் போனது. மாணவர் சலுகையில் கை வைக்கவில்லை. கேட்டு வாங்காமல் விட்டுவிட்டு ரயில் கட்டுப்படியாகாது என்று சொன்னால் குற்றம் யார் மேல்?

பாதுகாப்பு என்ற வாதம்தான் கனமானது. அதைத் தட்டிவிட்டுப் போக முடியாது. ஆனால் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். 2022 அக்டோபர் 5 இரவு, எர்ணாகுளம் பக்கத்துப் பள்ளி மாணவர்களை ஊட்டிக்கு ஏற்றிச் சென்ற சுற்றுலாப் பேருந்து பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் மாணவர்கள். பேருந்து மணிக்கு 97 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது பிறகு தெரிந்தது. பள்ளிச் சுற்றுலா ஏன் இரவில் ஓடுகிறது? பகலை வழியில் 'வீணாக்க'க் கூடாது என்பதால். விடிந்ததும் பூங்காவில் நிற்க வேண்டும் என்பதால். பயண நாளை வீண் என்று நினைக்கும் மனசுதான் ஓட்டுநரின் தூக்கத்தையும் சேர்த்துத் தின்கிறது. 2014 ஜூன் 8 அன்று இமாச்சலத்தில் பியாஸ் ஆற்றில் அடித்துச் செல்லப்பட்ட ஐதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர். மணாலி போகும் வழியில் படம் எடுக்க ஆற்றில் இறங்கியவர்கள். மேலே லார்ஜி அணையில் தண்ணீர் திறந்தது அவர்களுக்குத் தெரியாது. அறியாத இடத்தில் அவசரமாக இறங்கி ஏறும் பழக்கத்தில் இருக்கும் ஆபத்து அது.

ரயிலில் ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்தது. லக்னோவிலிருந்து வந்த பயணிகளில் ஒன்பது பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சமையல் சிலிண்டர் காரணம். ஆனால் நெருப்பைப் பற்றி விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைக்கு வெளியூரான் பாடம் எடுக்க வேண்டுமா? 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போன மாவட்டம் இது. 'ஊர்லருந்து வந்தோம், ரெண்டு கட்டுப் பட்டாசு பரிசா கொண்டாந்தோம்' என்று பெட்டிக்குள் எடுத்துப் போவது ரயில்வே சட்டப்படி சிறைக்கு அனுப்பும் குற்றம் என்பதையும், அது ஏன் குற்றம் என்பதையும் இந்தப் பிள்ளைகளே சக பயணிகளுக்கு விளக்குவார்கள். மாணவிகளின் பாதுகாப்புக்கு ரயில்வே பாதுகாப்புப் படையின் 'மேரி சஹேலி' அணி இருக்கிறது, 139 என்ற உதவி எண் இருக்கிறது, கூட வரும் ஆசிரியைகள் இருக்கிறார்கள். கழிப்பறை நாற்றமும் பனிக்காலத் தாமதமும் உண்மை. அவற்றுக்கு முன்கூட்டியே தயாராகலாம். தூங்கி வழியும் ஓட்டுநருக்கு எப்படித் தயாராவது?

இந்த மாவட்டத்துக்கே உரிய இன்னொரு வாதமும் உண்டு. பிளஸ் டூ தேர்ச்சியில் ஆண்டுக் கணக்காக முதலிடத்தில் நின்ற மாவட்டம், 2023இலும் 97.85 விழுக்காட்டோடு அதுதான் முதல். "அந்தப் பேரு ஊர் சுத்தியா வந்துச்சு? லீவுலயும் கிளாஸ் வச்சதால வந்துச்சு" என்பார்கள். பெருமை உண்மையானது, பாடுபட்டு வாங்கியது. ஆனால் அது எதற்கு எதிராக வாங்கியது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். 1980களில் இந்த வட்டாரக் குழந்தைகளுக்குப் பயணம் என்றால் விடியும் முன்னே கிராமத்துக்கு வந்து ஹாரன் அடிக்கும் தீப்பெட்டி ஆபீஸ் வண்டிதான். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிப்போய்க் கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் உட்கார வைத்து, இருட்டிய பிறகு கொண்டுவந்து இறக்கியது. அந்த வண்டியில் ஜன்னல் பார்க்க வெளிச்சம் இருந்ததில்லை. சிவகாசி குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று, வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு சொன்ன பிறகும் அந்த வழக்கம் மெல்லத்தான் தேய்ந்தது. அந்த வண்டியில் போனவர்களின் பிள்ளைகள்தான் இன்று பிளஸ் ஒன் படிக்கிறார்கள். அவர்களை ஸ்பெஷல் கிளாசிலிருந்து ஒன்பது நாள் விடுவிப்பதால் தேர்ச்சி விழுக்காடு சரிந்துவிடும் என்று பயப்படுவது, அவர்கள் வாங்கிய மதிப்பெண்ணையே நம்பாத பயம்.

"பிள்ளைக ஜன்னலையா பாக்கும்? போனத்தான் நோண்டும்." இதுவும் உண்மைதான், ஆசிரியர் அவர்கள் கையில் வேறொன்றும் கொடுக்காவிட்டால். ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. சிவகாசி ஊரில் நோட்டுக்கா பஞ்சம்? கடந்துபோகும் நிலையத்தின் பெயரை அந்தந்த எழுத்தில் பார்த்து வரைவது, ஒவ்வொரு நிலையத்திலும் டீ விலையைக் குறிப்பது, ஜன்னலில் தெரிந்த பயிரை எழுதுவது, தெரியாததற்கு எதிர் இருக்கைக்காரரிடம் கேட்பது. மகாராஷ்டிரப் பலகையில் மராட்டியும் இந்தியும் ஒரே எழுத்தில் இருப்பதை யாராவது ஒருத்தி கண்டுபிடிப்பாள். அதற்கப்புறம் போன் தானாகப் பைக்குள் போகும், சார்ஜும் அதற்குள் தீர்ந்திருக்கும். பயணத்தையே வகுப்பாக நடத்த முடியாது என்பவர்கள் 2008 முதல் நடக்கும் ஜாக்ரிதி யாத்திரையைப் பார்க்கலாம். நாட்டின் பல மூலைகளிலிருந்து வரும் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் பதினைந்து நாளில் 8,000 கிலோமீட்டர் ரயிலிலேயே சுற்றுகிறார்கள்; மதுரைக்கும் வருகிறார்கள், அரவிந்த் கண் மருத்துவமனையைப் பார்க்க. அவர்கள் தங்குவதும் விவாதிப்பதும் ரயில் பெட்டிக்குள்.

இவ்வளவுக்கும் மேல் சிவகாசிப் பிள்ளை டெல்லிக்குத் தரை வழியாகவே போக வேண்டியதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் பட்டாசில் சுமார் 90 விழுக்காடு இந்த வட்டாரத்தில் தயாராகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தத் தொழிலின் தலையெழுத்தை எழுதுவது டெல்லி. உச்ச நீதிமன்றத்தின் 2018 அக்டோபர் 23 தீர்ப்பு பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி தந்து, பேரியம் உப்பைத் தடை செய்தது. பயராபீசுகளில், அதாவது பட்டாசு ஆலைகளில், எத்தனையோ குடும்பங்களின் வருமானம் அன்றைக்கு ஆட்டம் கண்டது. தலைநகர் வட்டாரத்தில் முழுத் தடை இருந்து, 2025 அக்டோபரில் தீபாவளியை ஒட்டிச் சில நாளுக்குப் பசுமைப் பட்டாசுக்கு வழிவிட்டார்கள். வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து இதைக் கேட்கும் பையனுக்கு டெல்லிக்காரன் என்றால் சோற்றில் மண் போடுகிறவன். விமானத்தில் போய் இறங்கினால் அந்த எண்ணத்தோடேயே செங்கோட்டையைப் பார்த்துவிட்டு வந்துவிடுவான்.

ரயிலில் போனால் ஜான்சி தாண்டியதும் வெளிச்சம் மங்குவதைப் பார்ப்பான். பனியா புகையா என்று பிரிக்க முடியாத வெள்ளை. செங்கல் சூளைப் புகைபோக்கிகள், தண்டவாள ஓரம் குளிர்காயக் குப்பையை எரிப்பவர்கள், லாரி வரிசை. தொண்டை கரகரக்கும். அப்போது அவனுக்கு இரண்டு எண்ணம் ஒன்றாக வரும். இந்தக் காற்றைச் சுவாசிப்பவன் பட்டாசைக் கண்டு பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. இத்தனை புகையையும் விட்டுவிட்டு நம் ஊர் மத்தாப்பை மட்டும் பிடித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு இந்தியா கேட் முன்னால் நிற்கும் பையனும், செல்பி எடுக்க மட்டும் நிற்கும் பையனும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். பார்ப்பது ஒன்றல்ல.

"சரி, போறப்ப ரயில்ல போகட்டும், வரும்போதாவது பிளைட்ல வரட்டும்" என்று ஒரு சமரசமும் அவ்வப்போது கிளம்பும். திரும்பும் பயணம்தான் உண்மையில் பறிபோகக் கூடாதது. போகும்போது யாரும் யாரோடும் சரியாகப் பேசியிருக்க மாட்டார்கள். பார்த்ததைப் பேசித் தீர்க்க இரண்டு நாள் தேவைப்படுகிறது. ஆக்ராவில் ஒருவன் ஏமாந்து வாங்கிய செருப்பைப் பற்றி நாக்பூர் வரை சிரிக்கலாம். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடியிருக்கும் என்று பார்க்காமல் நிகழ்ச்சி நிரல் போட்ட ஆசிரியரை விஜயவாடா வரை கலாய்க்கலாம்.

ஆகவே கூட்டத்தில் அந்தக் கணக்கு மறுபடி வந்து விழும்போது ஆசிரியர் வாயடைத்து நிற்க வேண்டியதில்லை. நாலு நாளும் எப்படிக் கழியும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டிவிட்டு, வேலையைத் தொடங்க வேண்டும். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்தான் திறக்கிறது. கிறிஸ்துமஸ் வாரத்தில் ரயிலேற வேண்டுமானால் அக்டோபர் கடைசி வாரத்தில் விருதுநகர் நிலையத்து கவுண்டரில் நிற்க வேண்டும். ஒரு படிவத்தில் ஆறு பேருக்குமேல் எழுத முடியாது. நாற்பது பேர் என்றால் மொத்தப் பதிவுக்கு முன்கூட்டியே மனுக் கொடுக்க வேண்டும். சலுகைப் படிவத்தில் தலைமை ஆசிரியர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அக்டோபர் என்றால் சிவகாசிக்குத் தீபாவளிக் காலம். பெற்றோர் பாதிப் பேர் பயராபீசில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சம்மதக் கடிதத்தை அவர்களிடம் இப்போதே கொடுத்துவிடுவது நல்லது.